மருந்தடிக்கும் மிசினில் ஊர்காவற்றுறைக்கு

2003 ஆம் ஆண்டு யூலை மாதம் 6 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். நேரம் என் வீட்டுச் சுவர் மணிக்கூட்டின்படி. வானத்தில் ஒரு முகில் இல்லை. சோளகக் காற்று பதினோராவது நாளாக ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. வேலிக்கு வெளியே புழுதி தரையோடு தரையாக ஓடியது. பனையோலைகளின் சத்தத்தில் கடலின் சத்தம் கேட்கவில்லை. அந்தக் காற்றில் என் சைக்கிளைப் படலைக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தி, பின் சில்லுக்கு மேலே பூட்டியிருந்த இயந்திரத்தின் கயிற்றை இழுத்தேன். நாலாவது இழுப்பில் அது பிடித்தது.

எனக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. சுருவிலில் தனியே இருந்தேன். பத்து மணிக்கு ஊர்காவற்றுறையில் ஒரு தொலைபேசிக் கடையில் நான் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் என் வீட்டைப் பூட்டிவிட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

எனக்கு ஒரே மகள். கனடாவில் இருக்கிறாள். மாதத்தின் முதலாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்தக் கடைக்குத் தொலைபேசி எடுப்பாள். அவளுக்கு அது சனிக்கிழமை நள்ளிரவு. வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு எடுப்பாள். எங்கள் பக்கத்தில் வீடுகளுக்குத் தொலைபேசி வராத காலம் அது. மனைவி இருந்தவரை இரண்டு பேரும் பஸ்ஸில் போவோம். 1999 இல் அவள் இறந்த பிறகு நான் தனியே போனேன். காலையில் சந்தியில் நின்றால் பஸ் வரும், ஏறினால் ஊர்காவற்றுறை. கடையில் ஆறு கதிரைகள். அதில் ஒன்றில் உட்கார்ந்து, கடைச் சுவரிலிருந்த மணிக்கூடு பத்தைத் தொடும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றரை மணித்தியாலம் போனாலும் போகும். பஸ்ஸில் போகிறவனுக்கு நேரம் சொந்தமில்லை.

அந்த வருடம் ஏப்ரலில் ஞாயிற்றுக்கிழமை பஸ் நின்றுவிட்டது. வண்டி பழுது, வேறொன்று விடுவார்கள் என்றார்கள். விடவில்லை. மே மாதம் சைக்கிளில் புறப்பட்டேன். என் முழங்கால் இரண்டும் தேய்ந்தவை. சைக்கிள் மிதிக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பாதி வழியில் வலது கால் மடங்க மறுத்தது. இறங்கி உருட்டிக்கொண்டு போனபோது பத்தே முக்கால். அழைப்பு வந்து போய்விட்டது. யூன் மாதம், மோட்டார் சைக்கிள் வைத்திருந்த ஒருவர் ஏற்றிப் போவதாகச் சொன்னார். அன்று காலை அவருடைய சொந்தத்தில் ஒரு செத்தவீடு. படலையில் பதினொரு மணிவரை நின்றுவிட்டு உள்ளே போனேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பாண்காரர் செய்தி கொண்டுவந்தார். அவர் ஊர்காவற்றுறைப் பேக்கரியில் பாண் எடுத்துச் சைக்கிளில் ஊர் ஊராக விற்பவர். தொலைபேசிக் கடைக்காரப் பெண் அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"ஐயா, உங்கட மகள் சொன்னவவாம், அடுத்த மாதமும் நீங்கள் வராட்டி ஓகஸ்டிலை தான் நேரை வந்து உங்களைக் கூட்டிக்கொண்டுபோய் யாழ்ப்பாணத்திலை விடுறன் எண்டு. இடமும் பாத்தாச்சாம்."

"என்ன இடம்?"

"வயசு போன ஆக்கள் இருக்கிற இடமாம். மூண்டு நேரமும் சாப்பாடாம்."

"பாணோ?"

"அதைத்தான் நானும் கேட்டனான். இடியப்பமாம்." அவர் பெட்டியை மூடினார். "எனக்கு ஒரு றாத்தல் பாண் குறையும். அதுக்காகச் சொல்லேல்லை."

மகள் கெட்டவள் இல்லை. பத்தாயிரம் மைலுக்கு அப்பால் நள்ளிரவில் மணி அடிக்கவிட்டு, கடைக்காரப் பெண் "ஐயா இன்னும் வரேல்லை" என்று சொன்னால், விழுந்து கிடக்கிறேனோ என்றுதான் நினைப்பாள். அவளுடைய கணக்கு விளங்கியது. ஆனால் அந்த இல்லத்தில் எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும், எத்தனை மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும் என்று வேறொருவர் சொல்லுவார். எட்டுப் பேருக்கு ஒரு அறை என்று கேள்விப்பட்டேன். எனக்கு அது வேண்டாம். வேண்டாம் என்று சொல்லுவதற்கு எனக்கிருந்த ஒரே வழி, யூலை முதலாவது ஞாயிறு பத்து மணிக்கு, யாருடைய தயவும் இல்லாமல், அந்தக் கதிரையில் இருப்பதுதான்.

மோட்டார் சைக்கிள் வாங்கலாமே என்று கேட்பார்கள். விழுந்தால் அதைத் தூக்கி நிறுத்த என்னால் ஏலாது. அனுமதிப்பத்திரமும் இல்லை. ஆனால் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். அங்கே ஒரு பழைய வெளிநாட்டுச் சஞ்சிகையில் ஒரு படம் பார்த்திருந்தேன். சாதாரண சைக்கிள், சில்லுக்கு மேலே சிறிய இயந்திரம், இயந்திரத்தின் தண்டில் ஓர் உருளை. உருளையைச் சில்லின் ரயரில் அழுத்தினால் அது உரசிச் சில்லைச் சுற்றும். சங்கிலியும் இல்லை, பற்சில்லும் இல்லை. உருளையைத் தூக்கிவிட்டால் மறுபடியும் சைக்கிள். அந்தப் படம் ஏன் நாற்பது வருடம் மனதில் கிடந்தது என்று தெரியாது. பயன்படாத பல விடயங்கள் அங்கே கிடக்கின்றன.

இயந்திரம் காரைநகரில் கிடைத்தது. கிழமை நாளில் பஸ் இருந்ததால் ஊர்காவற்றுறைக்குப் போய், அங்கிருந்து படகில் கடந்தேன். ஒரு தோட்டக்காரர் தோளில் மாட்டி மருந்தடிக்கும் மிசினைக் கொட்டிலில் தொங்கவிட்டிருந்தார். மருந்துத் தாங்கி வெடித்துவிட்டது; இயந்திரம் மட்டும் நல்லது. என்னைவிட நாலைந்து வயது இளையவர்.

"புகையிலைக்கோ அண்ணை?" என்றார்.

"இல்லை. சைக்கிளுக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சைக்கிளுக்கு என்ன பூச்சி?"

விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. கயிற்றை இழுத்து ஓட்டிக் காட்டினார். பெற்றோலோடு எண்ணெய் எவ்வளவு கலக்க வேண்டும் என்று ஒரு சோடாப் போத்தலில் அளந்து காட்டினார். பிறகு பணத்தை எண்ணி மடித்துக்கொண்டு, "அண்ணை, வேலிப்பக்கமாப் போகாதேங்கோ, சைக்கிள் தன்ரை பாட்டிலை மருந்தடிக்க வெளிக்கிட்டிடும்" என்றார். அப்போது சிரித்தார்.

அன்றிரவும் மறுநாளும் வரைபடம் கீறினேன். முன்புறம், பக்கம், மேல் என்று மூன்று தோற்றம், பாதி அளவில். துறைமுகப் பக்கமாகப் படகு இயந்திரங்கள் திருத்தி இரும்பு ஒட்டும் ஒட்டுக்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் கொண்டுபோனேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன ஐயா, காணி உறுதியோ? நாலு பக்க எல்லையும் போட்டிருக்கிறியள்."

"தம்பி, அளவைப் பாரும். பின்னச்சிலிருந்து உருளை நடு மட்டும் பதினாலே முக்கால்."

"அது சரி. வீட்டுக்காரர் எங்கை இருக்கிறது?"

"ஆசனத்திலை."

"அப்ப மிசின் குண்டிக்குப் பின்னாலை. ஓமோ? நல்லது. குளிர் காலத்துக்குச் சூடாயும் இருக்கும்."

இரண்டு நாளில் சட்டத்தை ஒட்டித் தந்தார். இயந்திரத்தை ஏற்றிப் பூட்டினோம். உருளைக்கு ஒரு இரும்புக் குழாய்த் துண்டு, ஒன்றரை அங்குல விட்டம். உருளையைத் தூக்கவும் இறக்கவும் ஒரு நெம்பு. சைக்கிளை நிறுத்துதாங்கியில் நிற்கவைத்து, பின் சில்லு நிலத்தைத் தொடாமல் நிற்க, நான் பக்கத்தில் நின்று கயிற்றை இழுத்தேன். பிடித்தது. நெம்பை இறக்கினேன். சில்லு சுற்றியது. சுற்றியது பின்பக்கமாக. அதோடு சங்கிலியும் பின்னால் ஓட, பெடல் இரண்டும் பின்னால் சுழன்று என் இடது கெண்டைக்காலில் இரண்டு தரம் அடித்த பிறகுதான் நெம்பைத் தூக்கினேன்.

ஒட்டுக்காரர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடிய நேரம் எடுத்தது.

"ஐயா, ஒண்டும் மாத்தாதேங்கோ. ஊர்காவற்றுறைக்கு வரக்கே தள்ளிக்கொண்டு வாங்கோ. திரும்பிப் போகக்கே பின்பக்கமாப் போங்கோ."

மூன்று தோற்றமும் கீறியவன், தண்டு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒரு அம்புக்குறி போடவில்லை. ஒன்றோடொன்று உரசும் இரண்டு சில்லுகள் எதிர் எதிராகத்தான் சுற்றும், பள்ளிக்கூடத்தில் படித்தது. அவரும் ஒட்டும்போது அதை நினைக்கவில்லை. படகுக்கு அது தேவைப்படாது. இயந்திரத்தைக் கழற்றி மறுபக்கமாகத் திருப்பிப் பூட்டினோம். சில்லு முன்னால் சுற்றியது. ஆனால் புகைக்குழாய் இப்போது என் வலது காலைப் பார்த்தபடி இருந்தது. ஒரு பால்மாப் பேணியை வெட்டி விரித்து மறைப்பாகக் கட்டினோம். அந்த மாத முடிவில் பேணியிலிருந்த மாட்டின் படம் கருகி, கொம்பு மட்டும் மிஞ்சியது.

பரிசோதனை ஓட்டங்களை வீட்டுக்கும் சந்திக்கும் இடையில் செய்தேன். மிதித்து ஆரம்பித்து, சைக்கிள் ஓடத் தொடங்கியதும் நெம்பை மெல்ல இறக்க வேண்டும். முதல் நாள் இரும்பு உருளை வழுக்கியது. மணலும் உப்புப் புழுதியும் சேர்ந்து அதைக் கண்ணாடியாக மினுக்கிவிட்டன. இயந்திரம் அலறியது, சைக்கிள் நின்ற இடத்தில் நின்றது. ஒட்டுக்காரர் குழாயில் புள்ளி புள்ளியாக ஒட்டித் தந்தார். அது பிடித்தது, பிடித்து ரயரையே தின்றது. இரண்டு மைலில் ஒரு ரயர் முடிந்தது. மூன்றாவதாக, விழுந்துபோன என் மாட்டுக்கொட்டிலில் மிஞ்சியிருந்த கூரைப் பனஞ்சிலாகையில் ஒரு துண்டு வெட்டி, மரத்தின் இறுகிய கறுப்பு வைரத்தை அரத்தால் அராவி உருட்டினேன். கையால் அராவியது சரியான வட்டமாக வரவில்லை. சில்லு ஒரு முறை சுற்ற, என் முதுகில் பதினெட்டுக் குலுக்கல். ஆனால் வழுக்கவில்லை. ரயரையும் தின்னவில்லை. தன்னைத்தானே தேய்த்துக்கொண்டது. அதுவே போதும், தேயத் தேய மாற்றலாம் என்று இன்னும் மூன்று உருளை செய்து வைத்தேன்.

சத்தம்தான் பிரச்சினை. எங்கள் ஒழுங்கையின் முதல் வீட்டில் ஒரு அக்கா இருந்தா. என்னைவிட இரண்டு வயது மூத்தவ, காது கூர்மை. முதல் தரம் நான் அவவின் வேலியைக் கடந்தபோது யன்னல்கள் ஒவ்வொன்றாக அடித்துச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கிணற்றுக்கு மேலே ஓலை போட்டு மூடியிருந்தா. குசினிப் பக்கத்திலிருந்து சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தா.

"நீரே? நான் மலேரியாவுக்கு மருந்தடிக்கிற ஆக்கள் எண்டெல்லோ நினைச்சன்."

"நான்தான் அக்கா."

"கோழியெல்லாம் பிடிச்சு அடைச்சுப்போட்டன். இனி வரக்கே முதல்நாளே சொல்லும்."

"ஞாயிற்றுக்கிழமை ஒம்பதரைக்குள்ளை போவன்."

"ஒம்பதரைக்கோ? நல்லது. அதுவரைக்கும் கோழி மேயட்டும்."

நாலாவது ஓட்டத்தில் சந்தியைத் தாண்டி, வெட்டைவெளிக்குள் ஒரு மைல் போன பிறகு இயந்திரம் நின்றது. பெற்றோல் குழாயில் தூசி. அப்போது அது தெரியாது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. திருப்பி உருட்டிக்கொண்டு வந்தேன். வழியில் ஒருவரும் இல்லை. இயந்திரம் ஓடும்போது வீடுகளைப் பார்க்க முடிவதில்லை. ரோட்டில் பள்ளம் எங்கே என்றுதான் பார்ப்பேன். உருட்டும்போது பார்த்தேன். சந்தியிலிருந்து என் படலைவரை இருபத்துமூன்று வீடுகள். ஐந்தில் ஆட்கள். நாலு பூட்டிக் கிடந்தன. பூட்டின் துருவைப் பார்த்தால் எத்தனை மாரி கண்டது என்று சொல்லலாம். மிச்சம் பதினாலுக்கும் கூரை இல்லை. இதை முன்பும் எண்ணியிருக்கிறேன். முன்பு எண்ணியபோது ஆட்கள் இருந்த வீடு ஆறு. அந்த ஆறாவது வீட்டுக்காரர் இரண்டு மாதத்துக்கு முன் பிரான்சுக்குப் போய்விட்டார் என்பது எனக்குத் தெரியும். விடைபெற வந்து தேத்தண்ணியும் குடித்தார். ஆனாலும் உருட்டிக்கொண்டு வந்து அந்தப் படலையில் நின்று, உதவிக்கு ஒரு கை கேட்கலாம் என்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டாம் தரம் கூப்பிட வாயைத் திறந்த பிறகுதான் நினைவு வந்தது.

வீட்டுக்கு வந்து குழாயைக் கழற்றி ஊதினேன். சரியாகிவிட்டது. மறுநாள் முழுத் தூரமும் கணக்குப் போட்டேன். சுருவிலிலிருந்து ஊர்காவற்றுறைக் கடைவரை நாலு மைல். இருபது நிமிடம். இடையில் இரண்டு காவலரண், ஒவ்வொன்றிலும் இறங்கி நடக்க வேண்டும், ஐந்தைந்து நிமிடம். ஒன்பது இருபதுக்குப் புறப்பட்டால் ஒன்பது ஐம்பதுக்குப் போய்ச் சேரலாம். கையில் பத்து நிமிடம்.

அன்று எல்லாம் கணக்குப்படியே நடந்தது. காற்று இடது பக்கத்திலிருந்து தள்ளியது. உடம்பைச் சாய்த்துப் பிடித்தேன். அக்காவின் யன்னல்கள் முன்கூட்டியே சாத்தியிருந்தன. முதல் காவலரணுக்கு நூறு யார் முன்னாலேயே இயந்திரத்தை நிறுத்தி இறங்கினேன். போர்நிறுத்தம் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும், காவலரண் கண்டால் சைக்கிளில் இருந்து இறங்குவது எங்கள் கால்களுக்குப் பழகியிருந்தது. அங்கே நின்ற கடற்படைப் பையனுக்கு இருபது வயது இருக்கும். சிங்களப் பையன், தமிழ் கொஞ்சம் பேசினான், தாத்தா என்பதை மட்டும் சிங்களத்தில் சொன்னான்.

"சீயா, இது என்ன? ஹெலிகொப்டரா?"

"சைக்கிள்."

"சைக்கிள் எண்டா ஏன் சத்தம்?"

"எனக்குக் கால் ஏலாது."

"நம்பர் எங்க?"

"சைக்கிளுக்கு நம்பர் இல்லைத் தம்பி."

அவன் பால்மாப் பேணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினான். சூடு. நான் காவலரண் எல்லையைக் கடந்ததும் அவன் பின்னால் வந்து, தானே கயிற்றை இழுத்துப் பார்க்கட்டுமா என்று கையால் கேட்டான். இரண்டாவது இழுப்பில் பிடித்தது. எனக்கு ஒருநாளும் இரண்டில் பிடித்ததில்லை.

இரண்டாவது காவலரணில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கடை வாசலில் இயந்திரத்தை நிறுத்தியபோது என் கை மணிக்கூட்டில் ஒன்பது ஐம்பத்திரண்டு. சட்டையைத் தட்டிவிட்டு உள்ளே போனேன்.

கடைக்காரப் பெண் எழுந்து நின்றாள். "எங்கை போனியள் ஐயா? பத்துக்கு எடுத்தவ. பத்தேகாலுக்கும் எடுத்தவ. வரேல்லை எண்டு சொன்னன். இனி எடுக்கேல்லை, படுக்கப்போறன் எண்டு வைச்சிட்டா."

"இன்னும் பத்தாகேல்லையே பிள்ளை" என்று என் கையை நீட்டிக் காட்டினேன்.

அவள் சுவரைக் காட்டினாள். கடை மணிக்கூட்டில் பத்து இருபத்திரண்டு.

கதிரையில் இருந்த ஒரு வயதானவர் எட்டி என் கையைப் பார்த்தார். "பழைய நேரம்" என்றார் மற்றவர்களுக்கு. பிறகு வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்தார். "மிசின் மட்டும் புதுசு."

1996 இல் அரசாங்கம் நாடு முழுவதும் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி வைத்தது. முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு குறைத்து, கடைசியில் நின்றது அரை மணித்தியாலம். அந்த வருடம்தான் நாங்கள் இடம்பெயர்ந்து இருந்துவிட்டுச் சுருவிலுக்குத் திரும்பி வந்தோம். கூரையைப் போட்டு முடித்து, சுவரில் மணிக்கூட்டைக் கொழுவியபோது அதை மாற்ற மனைவி விடவில்லை. "வெயில் அதே இடத்திலைதானே விழுது" என்றாள். எங்கள் ஊரில் பலரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். அரசாங்க அலுவலுக்குப் புது நேரம், வீட்டுக்குப் பழைய நேரம். அவள் போன பிறகும் நான் அதைத் தொடவில்லை. அதனால் ஒருநாளும் பிசகு வந்ததில்லை. பஸ் எங்கள் மணிக்கூட்டில் எப்போது வரும் என்று தெரியும், ஏறினேன், கடையில் இருந்து கடை மணிக்கூட்டின் பத்தைப் பார்த்தேன். என் மணிக்கூட்டுக்கும் மகளின் பத்து மணிக்கும் நடுவில் எப்போதும் ஒரு பஸ் இருந்தது. பஸ்ஸை விட்டு என் சொந்த மிசினில், என் சொந்த நேரத்துக்குப் புறப்பட்ட முதல் நாள், அரை மணித்தியாலம் பிந்தி வந்து நிற்கிறேன். எத்தனையோ எண்ணினேன், இதை எண்ணவில்லை.

மூன்றாவது தரம். கதிரையில் உட்காரவில்லை. வெளிநாட்டுக்கு எடுக்க நிமிடத்துக்கு எவ்வளவு என்று சுவரில் எழுதியிருந்தது. கனடாவுக்குத் தொண்ணூற்றைந்து ரூபாய். அந்தக் கடைக்கு அத்தனை வருடம் வந்தும் நான் ஒரு அழைப்பும் எடுத்ததில்லை.

"பிள்ளை, நான் எடுக்கிறன்" என்றேன்.

"நீங்களோ?" என்றாள். ஆனாலும் இலக்கத்தை அழுத்தித் தந்தாள்.

நாலாவது மணியில் மகள் எடுத்தாள். நித்திரைக் குரல். என் குரலைக் கேட்டதும் அது போய்விட்டது.

"என்னப்பா? ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. நான்தான் எடுக்கிறன்."

"நீங்கள் காசு குடுத்தோ?"

"ஓம். பிந்திப்போச்சு. மணிக்கூட்டாலை வந்தது. அம்மான்ரை மணிக்கூடு."

மேசையில் நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அதை இன்னும் திருப்பேல்லையே?"

"இல்லை."

"ஆர் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது?"

"ஒருத்தரும் இல்லை. மிசினிலை வந்தனான். நானே செய்தது. சைக்கிளிலை, மருந்தடிக்கிற மிசினைப் பூட்டி."

"அப்பா."

"என்ன?"

"பொய் சொல்லாதேங்கோ. அந்தக் காலோடை உருட்டிக்கொண்டு நடந்து வந்திருக்கிறியள். அதுதான் பிந்தினது. இப்ப மணிக்கூடு எண்டுறியள், மிசின் எண்டுறியள். இதுக்குத்தான் சொல்லுறன், நான் வந்து கூட்டிக்கொண்டுபோய் விடுறன் எண்டு."

மூன்று தோற்றத்தில் படம் கீறலாம். நாலாயிரம் மைல் என்றாலும் பத்தாயிரம் மைல் என்றாலும் அதைத் தொலைபேசியில் காட்ட முடியாது. கடைக்காரப் பெண்ணைப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. அந்தக் கடையில் எல்லாருக்கும் எல்லாம் கேட்கும். தொலைபேசிப் பெட்டியை மேசையின் விளிம்புவரை இழுத்து, என் கையிலிருந்த றிசீவரை எடுத்து வாசல் பக்கமாக நீட்டிப் பிடித்தாள். வயர் இறுகி நின்றது. "போங்கோ ஐயா" என்றாள்.

சைக்கிளை வாசல்படியோடு சேர்த்து நிறுத்திக் கயிற்றை இழுத்தேன். முதலாவது. இரண்டாவது. மூன்றாவதில் கை தளர்ந்துவிட்டது. பழைய நேரம் என்று சொன்னவர் எழும்பி வந்து சைக்கிளை அசையாமல் பிடித்துக்கொண்டார். ஐந்தாவதில் பிடித்தது. நெம்பை இறக்கினேன், தூக்கி நின்ற சில்லு சுற்றியது, கடைக்குள் புகை போனது. கதிரையில் இருந்த பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். முழு வேகத்துக்கு விட்டேன். அரை நிமிடம். பிறகு நிறுத்திவிட்டு உள்ளே வந்து றிசீவரை வாங்கினேன்.

மறுமுனையில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் மருமகன் எழும்பி என்ன என்று கேட்கும் குரல். "அப்பா மருந்தடிக்கிறார்" என்றாள் அவனிடம். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சிரித்த சிரிப்பு இல்லை அது. வளர்ந்த பெண்ணின் சிரிப்பு. நான் முன்பு கேட்டதில்லை. அவள் போய் ஒன்பது வருடம். தாயின் செத்தவீட்டுக்கும் வர முடியவில்லை.

புகைக்குழாய் எங்கே, விழுந்தால் என்ன செய்வீர்கள், மழைக்கு என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சொன்னேன். பனை உருளையைப் பற்றிச் சொன்னேன். மழைக்கு வழுக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"சரி அப்பா" என்றாள் கடைசியில். "அப்ப நீங்கள் சமாளிப்பியள்."

"ஓம்."

"அந்த இடத்துக்கு வேண்டாம் எண்டு சொல்லிவிடுறன்."

"சொல்லு."

"ஓகஸ்டுக்கு ரிக்கற் பாத்து வைச்சனான். இன்னும் காசு கட்டேல்லை. நீங்கள் இப்பிடி ஓடித் திரிஞ்சால் நான் வந்து என்ன செய்யிறது? இவருக்கும் லீவு கஸ்டம். அது வேண்டாமோ?"

அந்த மாதம் முழுக்க, தோற்றால் என்ன நடக்கும் என்று பல தரம் கணக்குப் பார்த்திருந்தேன். வீடு பூட்டப்படும். எட்டுப் பேரோடு ஒரு அறை. இடியப்பம். அதற்கெல்லாம் முதல், ஓகஸ்டில் ஒரு நாள் அவள் வந்து என் படலையைத் திறப்பாள் என்பதை அந்தக் கணக்கில் ஓரிடத்திலும் எழுதவில்லை.

"வேண்டாம்" என்றேன். "வீண் செலவு."

"நீங்கள் சொன்னால் சரி" என்றாள். அடுத்த மாதம் புது நேரம் பத்து மணி என்று இரண்டு தரம் சொன்னாள். வைத்துவிட்டாள்.

திரும்பும்போது காற்று வலது பக்கத்திலிருந்து எதிர்த்து அடித்தது. ஒன்பது மைல் வேகத்துக்கு மேல் போகவில்லை. முதல் காவலரணில் அந்தப் பையன் இல்லை, வேறொருவன் நின்றான். அவன் ஒன்றும் கேட்காமல் பேணியைப் பார்த்தான். அக்காவின் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. மிசின் சத்தம் கேட்டதும் அவ வெளியே வந்தா.

"போன காரியம் சரியோ?"

"சரி அக்கா. வீட்டிலையே இருக்கலாம்."

"அது நல்லது. எனக்கும் மருந்தடிக்க ஒராள் வேணும்."

மணிக்கூட்டைத் திருப்பவில்லை. அதற்குக் கீழே சுவரில் பென்சிலால் ஓர் அம்புக்குறி மட்டும் போட்டேன். மிசின் வரைபடத்தில் போடாமல் விட்டதற்காக என்றும் வைத்துக்கொள்ளலாம். அரை மணித்தியாலம் முன்னால் என்று அதற்கு அர்த்தம். 2006 சித்திரையில் அரசாங்கம் பழைய நேரத்துக்கே திரும்பி வந்தது. மணிக்கூடு நின்ற இடத்திலேயே சரியாகிவிட்டது. அம்புக்குறியை அழித்தேன், அடையாளம் போகவில்லை.

மிசின் இரண்டு வருடமும் நாலு மாதமும் ஓடியது. பனை உருளை ஒன்பது தேய்ந்தது. ஒரு அழைப்பும் தவறவில்லை. இப்போது என்னிடம் கைத்தொலைபேசி இருக்கிறது; கதிரையில் இருந்தபடியே பேசலாம், அதற்காக எங்கும் போகத் தேவையில்லை. மகள் இன்னும் வரவில்லை. அடுத்த வருடம் பார்ப்போம் என்கிறாள்.

அன்றைய அழைப்பு பத்தொன்பது நிமிடம். இயந்திரம், சட்டம், ஒட்டுக்கூலி, தின்ற ரயர், படகுக் கூலி, பெற்றோல் எல்லாம் முன்பே கூட்டி வைத்திருந்தேன், எட்டாயிரத்துப் பத்து. அதோடு அழைப்பின் ஆயிரத்து எண்ணூற்று ஐந்தையும் சேர்த்து, எனக்கு ஆன மொத்தச் செலவு ஒன்பதாயிரத்து எண்ணூற்றுப் பதினைந்து ரூபாய்.